புயலை முந்த 18 நிமிடம்: பிரவுன்ஸ்வில் ஹெலிகாப்டர் விபத்து, ஒரு நிகழ்வு ஆய்வு

2010 மார்ச் 25, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மேற்குப் பகுதி. மணி காலை ஆறு. மார்ச் கடைசியில் அங்கே சூரியன் உதிக்க ஏறத்தாழ ஏழு ஆகிவிடும், ஆகவே நல்ல இருட்டு. ஒரு மருத்துவ ஹெலிகாப்டர் ஜாக்சன் நகர மருத்துவமனையில் நோயாளியை ஒப்படைத்துவிட்டு, மேற்கே பிரவுன்ஸ்வில் ஊரில் இருக்கும் தன் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு விமானி, இரண்டு செவிலியர்கள். தளத்தை எட்ட இன்னும் சில மைல்களே இருக்கும்போது அது வயல்வெளியில் விழுந்து எரிந்தது. மூவரும் இறந்துபோனார்கள்.

எஞ்சின் கெட்டுப்போய் விழுந்த விபத்து இல்லை இது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்ன காரணம் இதுதான்: நெருங்கிவரும் மோசமான வானிலைக்குள் பறக்க விமானி எடுத்த முடிவு, அதனால் இடிமழையில் சிக்கியது, அங்கே கண்மறைக்கும் மழையும் கடுமையான காற்றுக் குலுக்கலும் சேர்ந்து ஹெலிகாப்டர் கட்டுப்பாட்டை இழந்தது. படித்தால் நேரடியான முடிவாகத்தான் தெரியும். ஆனால் அந்த 'முடிவு' என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு திரை, ஒரு கணக்கு, ஒரு சட்ட இடைவெளி, ஒரு நீண்ட இரவுப் பணி எல்லாம் இருக்கின்றன. இரவில் இடிமழைக்குப் பக்கத்தில் சிறிய விமானம் ஓட்டுவதில் உள்ள ஆபத்து என்ன என்று கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த விபத்துதான்.

அந்த இரவு

வண்டி யூரோகாப்டர் ஏ.எஸ். 350 பி3. ஒற்றை எஞ்சின், ஒரே விமானி, முழு எடை அதிகபட்சம் 2,250 கிலோ. மருத்துவப் பணிக்கு உலகம் முழுக்க ஓடும் நம்பகமான ரகம். ஆனால் மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கச் சான்று பெற்ற ஹெலிகாப்டர் அல்ல. விமானி வெளியே பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இரவில் அழைப்பு வந்து, பார்சன்ஸ் என்ற சிற்றூரிலிருந்து ஒரு நோயாளியை ஏற்றி ஜாக்சனில் இறக்கினார்கள். பணியின் அவசரப் பகுதி அத்தோடு முடிந்தது. மீதி இருந்தது வெறும் வீடு திரும்பும் பயணம், பத்துப் பன்னிரண்டு நிமிடப் பறப்பு.

மருத்துவமனை ஹெலிபேடில் செவிலியர்களுக்காகக் காத்திருந்த நேரத்தில், காலைப் பணிக்கு வரவிருந்த இன்னொரு விமானியோடு இவர் தொலைபேசியில் வானிலை பற்றிப் பேசினார். ஹெலிகாப்டரை அங்கிருந்து கிளப்பிவிட வேண்டும், புயலை முந்தித் தளம் சேர சுமார் 18 நிமிடம் இருக்கிறது, செவிலியர்களை விட்டுவிட்டுக்கூட வண்டியை மட்டும் கொண்டுவந்துவிடலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். அதற்குள் செவிலியர்கள் திரும்பி வந்து ஏறிக்கொண்டார்கள். வண்டி கிளம்பியது.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். செவிலியர்களை விட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு விமானி யோசிக்கிறார் என்றால், நேரம் எவ்வளவு நெருக்கடியாக இருக்கிறது என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் பொருள். அந்த நெருக்கடியை அவர் 'சீக்கிரம் கிளம்ப வேண்டும்' என்று படித்தார். 'கிளம்பவே கூடாது' என்றும் அதே நெருக்கடியைப் படித்திருக்கலாம். இரண்டு வாசிப்புக்கும் தகவல் ஒன்றுதான்.

கடைசியாக, பறக்கும்போதே ஒரு செவிலியர் தளத்தில் இருந்த சக ஊழியரிடம் கைப்பேசியில் பேசியிருக்கிறார். இன்னும் 30 விநாடியில் வந்துவிடுவோம் என்றார். வரவில்லை.

திரையில் இருந்த புயல்

18 நிமிடம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? விமானிகள் இப்போது செயற்கைக்கோள் வழியாக வானிலை ரேடார் படத்தை விமானியறையிலேயே பார்க்க முடிகிறது. அமெரிக்காவில் இது நெக்ஸ்ராட் எனப்படும் தரை ரேடார் வலையமைப்பிலிருந்து வருகிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்து, மழை எங்கே எவ்வளவு கனமாக இருக்கிறது என்று வரைபடத்தின் மேல் காட்டும். பெரிய வரம்தான். 30 ஆண்டுகளுக்கு முன்னால் சிறு விமானம் ஓட்டியவர்களுக்கு இப்படி ஒன்று கனவில்கூடக் கிடையாது.

சிக்கல் அதன் வயதில் இருக்கிறது. ஒரு ரேடார் வானத்தை ஒரே நொடியில் படம் எடுப்பதில்லை. ஆன்டெனா ஒரு கோணத்தில் முழுச் சுற்று சுற்றி, கொஞ்சம் உயர்ந்து மறுபடி சுற்றி, இப்படி அடுக்கடுக்காக மேலே போய் முடிக்க நான்கைந்து நிமிடம் ஆகிறது. அப்புறம் அந்தத் தரவு மையத்துக்குப் போய், பக்கத்து ரேடார்களின் தரவோடு தைக்கப்பட்டு, ஒட்டுப்படமாகி, செயற்கைக்கோளுக்கு ஏறி, விமானத்துக்கு இறங்குகிறது. திரையின் மூலையில் 'ஒரு நிமிடம் பழையது' என்று எழுதியிருக்கும். அந்த ஒரு நிமிடம் ஒட்டுப்படம் தைக்கப்பட்ட நேரத்திலிருந்து எண்ணப்படுவது. ரேடார் அந்த மழையைப் பார்த்த நேரத்திலிருந்து அல்ல.

ரயில் எங்கே வருகிறது என்று காட்டும் செயலியைப் பயன்படுத்துபவர்களுக்கு இது உடனே புரியும். முந்தைய நிலையத்தில்தான் நிற்கிறது என்று செயலி சொல்லும். நிமிர்ந்தால் ரயில் நடைமேடைக்குள் நுழைந்துகொண்டிருக்கும்.

பிரவுன்ஸ்வில்லில் நடந்ததும் அதுதான். விமானிக்குக் கிடைத்திருக்கக்கூடிய ரேடார் படத்தில், கடும் மழையின் முன்விளிம்பு தளத்துக்கு சுமார் 7 மைல் தள்ளி இருந்தது. அந்த நேரத்தில் நிஜத்தில் அது தளத்தின் மேலேயே கடந்துகொண்டிருந்தது. 2012 ஜூனில் வாரியம் எல்லா விமானிகளுக்கும் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. அரிதான, மோசமான சூழலில் படத்தின் உண்மையான வயது திரையில் காட்டுவதைவிட 15 முதல் 20 நிமிடம் வரை அதிகமாக இருக்கலாம் என்று அதில் சொன்னது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் ஒரு சாதாரணப் புயல் அந்த நேரத்தில் 15, 20 கிலோமீட்டர் வந்துவிடும். இடிமழை மேகங்கள் நகர்வதோடு நிற்பதும் இல்லை. அந்த இடைவெளியில் புதிதாகப் பிறந்து பெரிதாகவும் செய்கின்றன. பழைய படத்தில் அவற்றுக்கு இடமே இருக்காது.

அந்த எச்சரிக்கையில் இன்னொரு விபத்தும் இடம்பெற்றது. 2011 டிசம்பர் 19, டெக்சாஸ் மாநிலத்தின் பிரையன் அருகே ஒரு பைப்பர் பி.ஏ. 32 வகைச் சிறு விமானம் நடுவானில் உடைந்து, ஐந்து பேர் இறந்தார்கள். அது பகல்நேரம். அங்கேயும் திரையில் இருந்த படம் விமானி நினைத்ததைவிடப் பழையது.

இந்தப் படங்கள் பயனற்றவை என்று சொல்லவரவில்லை. 100 மைல் தள்ளி இருக்கும் புயலைச் சுற்றிப்போக, இன்றைக்குக் கிளம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, இவை அருமையான கருவி. 7 மைலா 3 மைலா என்று அளந்து, இடுக்கில் நுழைந்து ஓட இவை செய்யப்பட்டதே இல்லை. 18 நிமிடம் என்பது அந்த இரண்டாவது வகைக் கணக்கு. அதில் ஐந்து நிமிடப் பிழை வந்தாலே மிச்சம் ஒன்றும் இல்லை.

எதிரே ஓடிய ஓட்டப்பந்தயம்

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஜாக்சனுக்கு மேற்கே பிரவுன்ஸ்வில். அந்தப் பக்கத்துப் புயல்கள் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே வருபவை, அன்றைக்கும் அப்படித்தான். ஹெலிகாப்டர் புயலிடமிருந்து விலகி ஓடவில்லை. புயலை நோக்கி ஓடி, அது வருவதற்குள் கதவைச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகும் ஹெலிகாப்டர் ஒரு பக்கம், அதன் முகத்துக்கு நேரே வரும் புயல் மறுபக்கம். இப்படிப்பட்ட நெருக்கத்தில் கணக்கு ஒருமுறை தவறினால், திருத்திக்கொள்ளக் கிடைப்பது விநாடிகள்தான்.

இன்னொன்று. மழை தொடங்கும் இடம்தான் புயலின் விளிம்பு என்று நினைப்பது தரையில் நிற்பவர்களின் பழக்கம். மேகத்துக்குள் குளிர்ந்த காற்று மழையோடு சேர்ந்து கீழே கொட்டி, தரையில் மோதி, நாலாபக்கமும் பரவும். நம் ஊரில் கோடைமழைக்கு முன்னால் திடீரென்று ஜில்லென்று ஒரு காற்று வந்து ஜன்னல்களை அறைந்து சாத்துமே, அதேதான். இந்தக் காற்றின் முன்விளிம்பு மழைக்கு 15 மைல் முன்னால்கூடப் போகலாம். அது தொடும் இடத்தில் காற்றின் திசையும் வேகமும் சட்டென்று மாறும். அந்த எல்லைக்கோட்டில்தான் குலுக்கல் மிக மோசம். ரேடார் மழைத்துளியைத்தான் நன்றாகக் காட்டும், காய்ந்த காற்றை அநேகமாகக் காட்டாது. ஆகவே திரையில் சுத்தமாக இருக்கும் இடத்திலேயே விமானம் அடிவாங்கலாம். தீவிரமான இடிமழையிலிருந்து குறைந்தது 20 மைல் தள்ளியே இரு என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பல்லாண்டுகளாகச் சொல்லிவருவதற்கு இதுதான் அடிப்படை. பெரிய பயணி விமானங்களுக்கும் அதே அறிவுரைதான். இரண்டு டன் எடையுள்ள ஹெலிகாப்டரை அந்தக் காற்று எப்படித் தூக்கி எறியும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

20 மைல் என்ற அளவை 7 மைல் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். திரையில் இருந்த படம் துல்லியமாகவே இருந்திருந்தாலும், புயல் உண்மையிலேயே 7 மைல் தள்ளி இருந்திருந்தாலும், அந்தப் பயணம் தவறுதான். படத்தின் வயது விபத்தை விளக்குகிறது. முடிவை நியாயப்படுத்தவில்லை.

இருட்டு என்ன செய்தது

பகலில் இடிமழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். கன்னங்கரேலென்று சுவர்போல் நிற்கும் மழை, அதன் அடியில் தொங்கும் கிழிந்த மேகம், தரையில் எழும் தூசி எல்லாம் தெரியும். பார்த்துத்தான் ஓட்ட வேண்டிய விமானி, பார்த்ததும் திரும்பிவிடலாம். இரவில் இவை ஒன்றும் இல்லை. மேகமும் கறுப்பு, அதற்குப் பின்னால் வானமும் கறுப்பு. பிரவுன்ஸ்வில் இருக்கும் ஹேவுட் மாவட்டம் பருத்தி வயல்கள் நிறைந்த நாட்டுப்புறம். தரையில் விளக்குகளே கொஞ்சம்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும் அந்த விளக்குகள்தான் விமானிக்கு எது தரை, எது வானம் என்று சொல்லும் அடையாளம். மழைத்திரை நடுவில் விழுந்ததும் அவை அணைந்துபோகின்றன. முன்னறிவிப்பும் கிடையாது: ஒரு விளக்கு மங்குவது மழையாலா தூரத்தாலா என்று இருட்டில் பிரித்தறிய முடியாது.

மின்னல் உதவாதா என்று கேட்கலாம். தூரத்து மின்னல் மேகத்தின் வடிவத்தை ஒரு கணம் காட்டும், உண்மை. பக்கத்து மின்னல் கண்ணைக் குருடாக்கும். இருட்டுக்கு முழுதாகப் பழக நம் கண்ணுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் தேவை. ஒரே ஒரு வெட்டு மின்னல் அதைக் கலைத்துவிடும். இதற்காகவே, இடிமழையில் சிக்கினால் விமானியறை விளக்குகளை முழு வெளிச்சத்துக்கு ஏற்றிவிடு என்பது பழைய அறிவுரை. கருவிகளைப் பார்த்துப் பறப்பவருக்கு அது சரி. வெளியே பார்த்துப் பறக்க வேண்டிய ஹெலிகாப்டர் விமானிக்கு உள்ளே வெளிச்சம் கூடினால் கண்ணாடிக்கு அப்பால் எதுவுமே தெரியாது. அவருக்கு இரண்டு வழியும் அடைபட்டிருக்கிறது.

வெளி அடையாளம் போனதும் உடம்பு பொய் சொல்லத் தொடங்குகிறது. சமநிலையைச் சொல்லும் உள்காதுக்கு மெதுவான திருப்பம் தெரியாது. திரும்பிக்கொண்டே இருந்தால் அதையே நேர் என்று எடுத்துக்கொள்ளும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளுக்கு வெளியே எதுவும் தெரியாதபடி செய்து ஓட்டவிட்டார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி, மூன்று நிமிடம்கூட இல்லை. அது தன்பாட்டில் நிலையாகப் பறக்கும் சிறகு விமானத்தில், குலுக்கல் இல்லாத காற்றில். ஹெலிகாப்டர் அப்படித் தானாக நிலைத்து நிற்கும் வண்டி அல்ல. ஒவ்வொரு நொடியும் கை கால் இரண்டும் வேலை செய்ய வேண்டும். அதை இருட்டில், கொட்டும் மழையில், தூக்கிப்போடும் காற்றில், தரைக்குச் சில நூறு அடி உயரத்தில் செய்ய வேண்டும் என்றால் 178 விநாடி என்பது தாராளமான மதிப்பீடு.

களைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. விமானி 12 மணி நேர இரவுப் பணியின் கடைசிப் பகுதியில் இருந்தார். களைப்பு முடிவைப் பாதித்திருக்கலாம், ஆனால் எந்த அளவுக்கு என்று நிறுவ ஆதாரம் போதவில்லை என்றது விசாரணை. விடியலுக்கு முந்தைய அந்த நேரத்தில் யாருடைய மூளையும் முழுக்கூர்மையில் இருக்காது. வீடு திரும்பும் ஆசை அதன் மேல் ஏறிக்கொள்ளும்.

நோயாளி இல்லாத பயணத்துக்கு எந்தச் சட்டம்?

என்னை அதிகம் உறுத்துவது இதுதான். அன்றைய அமெரிக்க விதிப்படி, நோயாளி உள்ளே இருக்கும்போது ஹெலிகாப்டர் வாடகைப் பயணத்துக்கான கடுமையான விதிகளில் பறக்கும். நோயாளியை இறக்கியதும் அதே வண்டி, அதே விமானி, அதே செவிலியர்கள், தனியார் பயணத்துக்கான தளர்வான விதிகளுக்கு மாறிவிடுவார்கள். வானிலைக் குறைந்தபட்ச அளவும் தளர்ந்துவிடும். செவிலியர்கள் பயணிகள் அல்ல, பணியாளர்கள் என்ற விளக்கத்தில் நின்ற ஏற்பாடு அது. பிரவுன்ஸ்வில் பயணம் இந்தத் தளர்ந்த விதியில்தான் பறந்தது.

இது தெரியாமல் இருந்த ஓட்டை இல்லை. 2002 ஜனவரி முதல் 2005 ஜனவரி வரை நடந்த 55 மருத்துவ விமான, ஹெலிகாப்டர் விபத்துகளை வாரியம் ஆராய்ந்து 2006-லேயே அறிக்கை தந்தது. அவற்றில் 54 பேர் இறந்திருந்தார்கள். பாதிக்கு மேற்பட்ட விபத்துகள் உள்ளே நோயாளி இல்லாமல், மருத்துவப் பணியாளர்கள் மட்டும் இருந்தபோது நடந்தவை. மருத்துவப் பணியாளர் ஏறியிருக்கும் எல்லாப் பயணத்துக்கும் கடுமையான விதியையே வை என்று அப்போதே பரிந்துரைத்தார்கள். விதி மாறியது 2014 பிப்ரவரியில். இடையில் எட்டு ஆண்டுகள். பிரவுன்ஸ்வில்லின் மூன்று உயிர்களும் அந்த இடைவெளியில் போனவை. கடுமையான விதி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் கிளம்பும் முன் எழுத்தில் ஒரு ஆபத்துக் கணிப்பு செய்ய வேண்டும், சில சூழலில் இன்னொருவர் ஒப்புதல் வேண்டும் என்ற கட்டாயம், ஹெலிபேடில் தனியாக நின்று 18 நிமிடம் என்று எண்ணிய ஒரு மனிதருக்கு ஒரு தடுப்பாவது ஆகியிருக்கும்.

ஃபரிதாபாத், 2011

இந்தியாவில் இதற்கு நெருங்கிய ஒரு விபத்து அடுத்த ஆண்டே நடந்தது. 2011 மே 25 இரவு, பாட்னாவிலிருந்து டெல்லிக்கு ஒரு நோயாளியைக் கொண்டுவந்த ஒற்றை எஞ்சின் பிலாட்டஸ் பி.சி. 12 விமானம், டெல்லியை நெருங்கும்போது மோசமான வானிலையில் சிக்கி, ஃபரிதாபாத்தின் பர்வதியா காலனியில் வீடுகளின் மேல் விழுந்தது. மணி இரவு பத்தே முக்காலை ஒட்டி. விமானத்தில் இருந்த ஏழு பேரும், தரையில் மூன்று பேரும் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அறை ரேடாரில், தரையிறங்க வந்துகொண்டிருந்த விமானம் சொல்லாமலே மேலே ஏறி, பிறகு மிக வேகமாக விழுந்தது பதிவாகியிருந்தது.

விசாரணைக் குழுவின் முடிவு வாசிக்க வேண்டிய ஒன்று: வானிலை சார்ந்த வெளிக்காரணம், கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தவறாகக் கையாண்டது, திசை உணர்வு குழம்பியது, அல்லது இம்மூன்றும் சேர்ந்து விமானத்தைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியிருக்கலாம். இரவில், இடிமழைக்குள், இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க முடிவதில்லை. காற்று தூக்கிப்போடுகிறது, உள்காது தவறாகச் சொல்கிறது, கை அந்தத் தவறைத் திருத்தப்போய் இன்னொரு தவறைச் செய்கிறது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

ஃபரிதாபாத்துக்கும் பிரவுன்ஸ்வில்லுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முன்னதில் உள்ளே நோயாளி இருந்தார்; டெல்லி சேர வேண்டிய தேவை நிஜமானது. பிரவுன்ஸ்வில்லில் அப்படி எதுவும் இல்லை. ஹெலிகாப்டர் ஏற்கெனவே தரையில், ஒரு மருத்துவமனை ஹெலிபேடில் நின்றுகொண்டிருந்தது. விமானி செய்ய வேண்டியிருந்தது எஞ்சினை அணைத்து, சுழல் இறகுகளைக் கட்டிப்போட்டு, மருத்துவமனைக்குள் போய் உட்கார்வது மட்டும்தான். புயல் வரிசை கடக்கும்வரை தளத்தில் ஒரு ஹெலிகாப்டர் குறையும், பணி மாற்றம் தாமதமாகும், ஜாக்சன் ஹெலிபேடில் இன்னொரு வண்டிக்கு இடம் இருக்காது. நிறுவனத்துக்கு இவை தொந்தரவுகள்தான். அந்தத் தொந்தரவை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, 'வானிலை வந்தால் இருக்கும் இடத்திலேயே நில், யாரும் கேள்வி கேட்க மாட்டோம்' என்று எழுதி வைத்து, நின்றவரை மறுநாள் பாராட்டவும் செய்யும் நிறுவனத்தில் இரவுப் பணி விமானிக்கு அந்த முடிவை எடுப்பது எளிது. விசாரணை அறிக்கைகள் விமானியின் முடிவு என்று எழுதும்போது, அந்த முடிவைச் சுமக்க அவரைத் தனியாக விட்டவர்களின் பங்கையும் சேர்த்துத்தான் நான் படிக்கிறேன்.